சான் பிரான்சிஸ்கோ யாரைத் தெரிவுசெய்யும்?

அமெரிக்கப் பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கங்களைத் தொடர்ந்து வாசித்து வருபவர்கள் ஒரு விடயத்தை அவதானித்திருப்பார்கள். பெப்ரவரி மாதத்தில் சுப்பர் போல் இறுதிப்போட்டி முடிவடைந்த மறுநாளே, சில வேளைகளில் அதற்கு முன்னரேயே, ஒரே மாதிரியான கட்டுரைகள் அணிவகுத்து வரத் தொடங்கிவிடுகின்றன. ஏப்ரல் மாத இறுதியில் நடைபெறும் வீரர் தெரிவில் எந்த அணி எந்த இளைஞனைத் தெரிவுசெய்யப் போகின்றது என்பதை முன்கூட்டியே கூறும் கட்டுரைகள் அவை. 32 அணிகளின் பெயர்களையும் வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வீரரின் பெயர் எழுதப்படும். ‘மொக் ட்ராஃப்ட்’ என்று அங்கு அதற்குப் பெயர். ஒத்திகைத் தெரிவு என்று நாம் சொல்லலாம். ஒரே எழுத்தாளர் ஏப்ரல் இறுதிக்குள் நான்கு, ஐந்து பதிப்புகளை வெளியிடுவதும் உண்டு. ஒவ்வொரு பதிப்பிலும் பெயர்கள் மாறும். எழுதுபவரின் உறுதியான தொனி மாத்திரம் மாறுவதில்லை.

பந்தைக் காலால் உதைப்பது அபூர்வமாக இருக்கின்ற இந்த ஆட்டத்தை உதைபந்தாட்டம் என்று எழுதுவதற்குப் பேனா சற்றுத் தயங்குகின்றது. எனினும் அமெரிக்கர்கள் வைத்த பெயரை நாம் மாற்றுவதற்கில்லை.

நமது வாசகர்களுக்குப் பழக்கமான ஐ.பி.எல். கிரிக்கெட்டில் வீரர்கள் ஏலத்தில் எடுக்கப்படுகிறார்கள். கூடிய விலை கேட்கும் அணிக்கு வீரர் போய்ச் சேருவார். அமெரிக்க முறை வேறு. முந்தைய பருவத்தில் ஆக மோசமாக விளையாடிய அணிக்கே பல்கலைக்கழகங்களில் இருந்து வரும் இளைஞர்களுள் முதலாமவரைத் தெரிவுசெய்யும் உரிமை கிடைக்கும். சம்பியன் அணி கடைசியாகத் தெரிவுசெய்ய வேண்டும். இவ்வாறு ஏழு சுற்றுகள். மூன்று நாட்களில் 250க்கும் அதிகமானவர்களின் தலைவிதி நிர்ணயமாகும். அணிகள் தமது தெரிவுரிமைகளைத் தமக்கிடையே கைமாற்றிக்கொள்ளலாம். இன்னும் வராத ஆண்டுகளுக்குரிய உரிமைகளைக்கூட ஈடாகக் கொடுக்கலாம். பலமான அணிகளே மேலும் மேலும் பலமடைவதைத் தடுப்பதற்காக, பிலடெல்பியா அணியின் உரிமையாளர் பெர்ட் பெல் முன்வைத்த யோசனை இது. முதலாவது தெரிவு 1936 பெப்ரவரியில் பிலடெல்பியா ஹோட்டல் ஒன்றில் நடைபெற்றது. அன்று முதலாவதாகத் தெரிவுசெய்யப்பட்டவர் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கர். அவர் தொழில்சார் உதைபந்தாட்டத்தில் ஒரு போட்டியிலேனும் விளையாடவில்லை. சம்பளம் தொடர்பில் இணக்கம் ஏற்படாமல் வேறு தொழிலுக்குப் போய்விட்டார். முதலாவது தெரிவின் முதலாவது பெயரே பொய்த்துப் போனதில் இருந்து ஆரம்பமாகும் வரலாறு இது.

இந்த ஆரூடங்களின் பெறுமதியை அளந்து பார்ப்பதற்கு சான் பிரான்சிஸ்கோ போர்ட்டி நைனர்ஸ் அணியைவிடப் பொருத்தமான உரைகல் வேறொன்று இருக்க முடியாது. 1849ஆம் ஆண்டில் பொன் தேடிக் கலிபோர்னியாவுக்குப் படையெடுத்தவர்களின் நினைவாகவே அந்த அணிக்கு அப்பெயர் வைக்கப்பட்டது. நிலத்தைக் கிளறிப் பொன் தேடியவர்களின் பெயரைத் தாங்கிய அணியின் கதையும் ஏறத்தாழ அவ்வாறே அமைந்துவிட்டது.

2021 மார்ச் மாதத்தில் அந்த அணி ஒரு பெரும் பேரத்தைச் செய்தது. தன்னிடமிருந்த 12ஆம் தெரிவுரிமையையும், 2022, 2023ஆம் ஆண்டுகளுக்குரிய முதற்சுற்று உரிமைகளையும், ஒரு மூன்றாம் சுற்று உரிமையையும் மியாமி அணிக்குக் கொடுத்து, 3ஆம் தெரிவுரிமையைப் பெற்றுக்கொண்டது. நோக்கம் வெளிப்படையானது. தாக்குதலை வழிநடத்திப் பந்தை எறியும் ‘குவாட்டர்பேக்’ ஒருவர் அதற்குத் தேவை. யார் அந்த ஒருவர் என்பதே அடுத்த ஒரு மாத காலமும் அமெரிக்க விளையாட்டு ஊடகங்களின் பேச்சாக இருந்தது. அலபாமா பல்கலைக்கழகத்தின் மக் ஜோன்ஸ்தான் என்று முன்னணி எழுத்தாளர்கள் பலர் அடித்துக் கூறினார்கள். பயிற்றுநர் கைல் ஷனஹானின் ஆட்டமுறைக்கு அவரே பொருத்தமானவர் என்று நீண்ட விளக்கங்களும் வந்தன. ஏப்ரல் இறுதியில் அணி அறிவித்த பெயரோ ட்ரே லான்ஸ். வடக்கு டகோட்டாவின் சிறிய மட்டப் பல்கலைக்கழக அணியில் இருந்து வந்தவர்; 2020ஆம் ஆண்டில் கொவிட் நெருக்கடி காரணமாக ஒரேயொரு போட்டியில் விளையாடியவர். மக் ஜோன்ஸ் 15ஆவதாக நியூ இங்கிலாந்துக்குப் போனார்.

ஆரூடம் எழுதியவர்கள் தவறினார்கள் என்பதோடு கதை முடிந்திருந்தால் இதை எழுத வேண்டிய தேவையே இல்லை. அணியும் தவறிவிட்டது என்பதுதான் இங்கு கவனத்துக்குரியது. சான் பிரான்சிஸ்கோவுக்காக லான்ஸ் நான்கு போட்டிகளில் மாத்திரமே ஆரம்ப வீரராகக் களமிறங்கினார். 2022 செப்டெம்பரில் கணுக்கால் முறிந்தது. 2023 ஓகஸ்டில் வெறும் நான்காம் சுற்று உரிமை ஒன்றுக்காக அவர் டல்லஸ் அணிக்குக் கொடுக்கப்பட்டார். சான் பிரான்சிஸ்கோ விட்டுக்கொடுத்த அந்த 12ஆம் உரிமை கைமாறிக் கைமாறி அதே டல்லஸிடம் போய்ச்சேர்ந்திருந்தது. அதைக் கொண்டு டல்லஸ் பெற்றவர் மைக்கா பார்சன்ஸ், தனது முதலாவது ஆண்டிலேயே சிறந்த புதுமுகத் தற்காப்பு வீரர் விருதைப் பெற்றவர்.

இனி 2022ஆம் ஆண்டின் தெரிவுக்கு வருவோம். முதற்சுற்று உரிமையை விற்றுவிட்ட சான் பிரான்சிஸ்கோ, ஏழாம் சுற்றின் கடைசிப் பெயராக, அதாவது அவ்வாண்டு தெரிவுசெய்யப்பட்ட அனைவரிலும் கடைசியான 262ஆவது ஆளாக, அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் புரொக் பேர்டியைத் தெரிவுசெய்தது. எந்த ஒத்திகைப் பட்டியலும் அவரைப் பற்றி அக்கறை கொண்டிருக்கவில்லை; பெரும்பாலான பட்டியல்கள் முதற்சுற்றோடு நின்றுவிடுவன. லான்ஸும், அவருக்குப் பின் ஜிம்மி கரபலோவும் காயமடைந்த பின்னர், 2022 டிசெம்பரில் பேர்டி களமிறங்கினார். அடுத்த பருவத்தில் அணியை சுப்பர் போல் வரை கொண்டு சென்றார். 2024 பெப்ரவரியில் லாஸ் வேகஸில் நடந்த அந்தப் போட்டியில், மேலதிக நேரத்தில், கன்சாஸ் சிட்டியிடம் 22 இற்கு 25 என்ற புள்ளிக் கணக்கில் அணி தோற்றது. 2025 மே மாதத்தில் பேர்டியுடன் ஐந்தாண்டுகளுக்கு 265 மில்லியன் டொலர் ஒப்பந்தம் கைச்சாத்தானது.

மக் ஜோன்ஸ் என்ன ஆனார் என்று வாசகர்கள் கேட்கலாம். அவரும் சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்துதான் சேர்ந்தார். 2025 மார்ச்சில், பேர்டிக்கு மாற்று வீரராக! அந்தப் பருவத்தில் பேர்டி காயமடைந்திருந்தபோது பல போட்டிகளில் ஆரம்ப வீரராகவும் விளையாடினார். ஆரூடக்காரர்களுக்கு நான்கு ஆண்டுகள் பிந்திக் கிடைத்த ஆறுதல் என்று இதனைக் கொள்ளலாம்.

இது ஒரு அணிக்கு ஒரு முறை நேர்ந்த விபத்து என்று தள்ளிவிட முடியாது. அதே சான் பிரான்சிஸ்கோ, 1979ஆம் ஆண்டில் மூன்றாம் சுற்றில், 82ஆவதாகத் தெரிவுசெய்த ஜோ மொன்டானா அந்த அணிக்கு நான்கு சுப்பர் போல் வெற்றிகளைப் பெற்றுக் கொடுத்தார். 2000ஆம் ஆண்டில் அந்த அணி மூன்றாம் சுற்றில் ஒரு குவாட்டர்பேக்கைத் தெரிவுசெய்தது; அவர் வழமையான பருவப் போட்டி ஒன்றிலேனும் விளையாடவில்லை. சான் பிரான்சிஸ்கோவுக்கு அருகில் உள்ள சான் மட்டேயோவில், அதே அணியின் ரசிகராக வளர்ந்த ரொம் பிரேடி அவ்வாண்டு 199ஆவதாக நியூ இங்கிலாந்துக்குப் போனார். அவர் வென்றவை ஏழு சுப்பர் போல் பட்டங்கள். 2005ஆம் ஆண்டில் முதலாவது உரிமை சான் பிரான்சிஸ்கோவிடமே இருந்தது. வளைகுடாவின் மறுகரையில் பேர்க்லியில் படித்த ஆரன் ரொட்ஜர்ஸை விட்டு அலெக்ஸ் ஸ்மித்தைத் தெரிவுசெய்தது. ரொட்ஜர்ஸ் பின்னர் நான்கு தடவைகள் லீக்கின் மிகப் பெறுமதிவாய்ந்த வீரர் விருதைப் பெற்றார். ஸ்மித்தும் சோடையானவர் அல்லர் என்பதை நியாயத்துக்காகச் சொல்லிவைக்க வேண்டும்.

அணிகளிடம் இல்லாத தகவல் எது? வீரர்களைத் தேடிப் பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமாக அலையும் அவதானிகள் இருக்கிறார்கள். இண்டியானாபொலிஸில் ஆண்டுதோறும் இளைஞர்களின் உயரம், நிறை, கையின் நீளம், 40 யார் ஓட்ட வேகம் எல்லாம் அளக்கப்படுகின்றன. வைத்தியர்கள் மூட்டு மூட்டாகப் பரிசோதிக்கிறார்கள். தெரிவுரிமைகளைப் பண்டமாற்றுச் செய்வதற்கு, முதலாவது உரிமைக்கு 3000 புள்ளி என்று ஆரம்பிக்கும் விலைப்பட்டியல் ஒன்றை டல்லஸ் அணி 1990களின் தொடக்கத்திலேயே தயாரித்துவிட்டது. இவ்வளவும் இருந்து என்ன பயன் என்று ஆராய்ந்தவர்கள் கேட் மஸியும் ரிச்சர்ட் தேலரும். தேலர் 2017ஆம் ஆண்டில் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பெற்றவர். ஒரே நிலையில் விளையாடும் இருவரில் முதலில் தெரிவுசெய்யப்பட்டவர், அவருக்கு அடுத்ததாகத் தெரிவுசெய்யப்பட்டவரைவிடச் சிறந்தவராக விளங்கும் வாய்ப்பு 52 சதவீதம் மாத்திரமே என்று அவர்கள் கண்டார்கள். நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிட இரண்டு புள்ளிதான் மேல்! ஆயினும் அணிகள் முன்வரிசை உரிமைகளுக்காக அளவுக்கு மீறிய விலையைக் கொடுத்து வருகின்றன என்பதே அவர்களுடைய முடிவு.

ஒத்திகைப் பட்டியல்களில் இருக்கும் பிரதான கோளாறும் இங்கேதான் இருக்கின்றது என்பது என் அபிப்பிராயம். அணி யாரைத் தெரிவுசெய்யும் என்பது ஒரு கேள்வி. யாரைத் தெரிவுசெய்வது நல்லது என்பது முற்றிலும் வேறொரு கேள்வி. முதலாவது கேள்விக்கான பதில் ஒரு சிலரின் மனதில் இருக்கின்றது. ஆகவே அது செய்தி சேகரிப்பு. இரண்டாவதற்கான பதில் எவரிடமும் இல்லை. ஆனால் பட்டியல் எழுதுபவர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழைத்து வாசகரிடம் கொடுத்துவிடுகிறார்கள்.

செய்தி சேகரிப்பு என்ற வகையில் பார்த்தாலும் இது சுகமான வேலையல்ல. அணி முகாமையாளர் பத்திரிகையாளரின் காதில் ஒரு பெயரைப் போடும்போது, போட்டி அணி அதை நம்ப வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருக்கும். வீரரின் முகவர் பெயரைக் கசியவிடும்போது தமது வாடிக்கையாளரின் விலை உயர வேண்டும் என்ற எண்ணம் இருக்கும். பெயர் குறிப்பிட விரும்பாத வட்டாரங்கள் எதற்காகப் பேசுகின்றன என்பதைப் பத்திரிகைத் தொழிலில் நீண்டகாலம் இருந்தவர்களுக்கு எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஒரு பெயரைப் பத்துப் பேர் எழுதினால் அது பத்து ஆதாரங்கள் ஆகிவிடாது. ஒருவரின் பட்டியலைப் பார்த்து மற்றவர் எழுதிய பட்டியலாகவும் அது இருக்கக்கூடும்.

இவற்றையெல்லாம் ஒரு பொழுதுபோக்கு என்று விட்டுவிடலாமே என்று சிலர் கூறுவர். நமது ஞாயிறு பத்திரிகைகளின் வாராந்த இராசிபலனைப் போன்றது இது என்று நானும் விட்டுவிடத் தயார். ஆனால் இராசிபலன் எந்தத் தனிமனிதனையும் பெயர் குறிப்பிட்டு எழுதப்படுவதில்லை. இங்கே இருபது, இருபத்திரண்டு வயது இளைஞர்களின் பெயர்கள் எழுதப்படுகின்றன. 2005ஆம் ஆண்டில் நியூயோர்க் அரங்கின் காத்திருப்பு அறையில் ரொட்ஜர்ஸ் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தார். 24ஆவதாக கிறீன் பே அணி பெயரைச் சொல்லும் வரை தொலைக்காட்சிக் கமராக்கள் அவருடைய முகத்தை விட்டு அகலவில்லை. 2025ஆம் ஆண்டில், பல பட்டியல்களில் முதற்சுற்றில் இடம்பெற்றிருந்த ஷெடூர் சாண்டர்ஸ் மூன்றாம் நாள், ஐந்தாம் சுற்றில், 144ஆவதாகத்தான் கிளீவ்லாந்தால் தெரிவுசெய்யப்பட்டார். அவரைச் சரிந்தவர் என்று எழுதினார்கள். எங்கிருந்து சரிந்தார்? எந்த அணியும் அவரை அந்த உயரத்தில் வைத்திருக்கவில்லை. பட்டியல் எழுதியவர்கள் ஏற்றிவைத்த ஏணியில் இருந்து, அவர்களே விழுத்தி, அவர்களே அதைச் செய்தியாகவும் வெளியிட்டார்கள். அவமானம் மாத்திரம் அந்த இளைஞனுக்குரியதாகியது.

அணி நிர்வாகிகள் சும்மா இருந்தார்கள் என்றும் இல்லை. 1994ஆம் ஆண்டில் இண்டியானாபொலிஸ் அணி குவாட்டர்பேக் ட்ரென்ட் டில்ஃபரை விட்டு ட்ரெவ் அல்பேர்ட்ஸைத் தெரிவுசெய்ததைத் தொலைக்காட்சி விமர்சகர் மெல் கைப்பர் கடுமையாகச் சாடினார். இந்த மனிதர் யார், இவருக்கு என்ன தகுதி என்று அணியின் நிர்வாகி பில் ரோபின் நேரடி ஒளிபரப்பிலேயே சீறினார். அல்பேர்ட்ஸ் காயங்களினால் மூன்று பருவங்களோடு ஓய்வுபெற்றார். டில்ஃபர் பின்னர் வேறோர் அணிக்காக சுப்பர் போல் வென்றார். அதே இண்டியானாபொலிஸ் டில்ஃபர் இல்லாமலேயே 1995ஆம் ஆண்டுப் பருவத்தில் சுப்பர் போலுக்கு ஒரு படி கீழே வரை சென்றது. சீறியவர், சாடியவர் ஆகிய இருவரில் யார் பக்கம் நியாயம் என்று இன்றும் தீர்த்துச் சொல்ல முடியவில்லை.

ஆரூடம் எழுத வேண்டாம் என்று எவரையும் நான் தடுக்க வரவில்லை. சான் பிரான்சிஸ்கோவின் தற்காப்பு வரிசையில் எந்த இடம் பலவீனமாக இருக்கின்றது, யாருடைய ஒப்பந்தம் முடிவடைகின்றது, முதற்சுற்று உரிமை கையில் இருக்கின்றதா என்பவற்றை ஆராய்ந்து எழுதுவது பயனுள்ள பத்திரிகைத் தொழில். அதற்கு அப்பால் ஒரு பெயரை எழுதுபவர், தமது சென்ற ஆண்டுப் பட்டியலையும் அருகிலேயே பிரசுரிக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். பங்குச்சந்தைத் தரகரிடம் பழைய கணக்கைக் கேட்கிறோம். தேர்தல் கருத்துக்கணிப்பு நடத்துபவர்களிடம் கேட்கிறோம். விளையாட்டுப் பக்கத்துக்கு மாத்திரம் விதிவிலக்கு எதற்கு?

கடைசியாகத் தெரிவுசெய்யப்படுபவரை ‘பொருட்படுத்தத் தேவையற்றவர்’ என்று அமெரிக்கர்கள் செல்லமாக அழைப்பார்கள். 1976ஆம் ஆண்டில் இருந்து கலிபோர்னியாவின் நியூபோர்ட் பீச் நகரில் அவருக்கென ஒரு வாரகால விழாவும் எடுத்து வருகிறார்கள். அந்த விழாவைத் தொடக்கிவைத்த போல் சலாட்டா ஒரு காலத்தில் சான் பிரான்சிஸ்கோ அணிக்காகவே விளையாடியவர். விழா நாயகனுக்கு ஒரு கேடயமும் உண்டு. கையில் இருந்து பந்தை நழுவவிடும் வீரனின் உருவம் அது. 2022ஆம் ஆண்டின் விழா நாயகன் புரொக் பேர்டி.