கோழைகள் என்றவருக்கு

சென்ற இதழில் புகைப்பழக்கம் குறித்து வெளிவந்த கட்டுரை எனக்குக் கோபமூட்டியது. அந்தக் கோபத்தை மறைத்துக்கொண்டு எழுத விருப்பமில்லை. கட்டுரையாளர் பல வருடம் புகைத்தவர். ஒருநாள் காலையில் பாக்கெட்டைக் கசக்கி எறிந்தார், அதற்குப் பிறகு தொடவேயில்லை. அவருடைய நுரையீரலுக்கும் வீட்டாருக்கும் அது பெரிய விடுதலை, மனதார வாழ்த்துகிறேன். ஆனால் அந்த ஒரு காலையை வைத்துக்கொண்டு அவர் ஊருக்கே தீர்ப்பு எழுதுகிறார். விட முடியாதவர்கள் கோழைகள் என்கிறார். பெண்டாட்டி பிள்ளைகள் மேல் உண்மையான பாசம் இருந்தால் அன்றைக்கே விட்டிருப்பார்கள் என்கிறார். நிக்கோட்டின் சூயிங்கமும் மாத்திரையும் மருந்துக் கம்பெனிகளின் வியாபாரம், ஒரு போதையை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்கிற வேலை என்கிறார். மனம் வைத்தால் போதுமாம், வேறெதுவும் வேண்டாமாம்.

அவருடைய வாதங்களில் பலமானதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். புகையை விட்டவர்களில் பெரும்பாலோர் எந்த உதவியும் இல்லாமல் விட்டவர்கள்தான் என்று ஆய்வுகளைக் காட்டுகிறார். அது உண்மை. உண்மையான ஒரு தகவலிலிருந்து முழுப் பொய்யான முடிவுக்கு எப்படிப் போவது என்பதற்கு அவர் கட்டுரையே சான்று. ஆயிரம் பேர் விட முயல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தொள்ளாயிரம் பேர் தாமாகவே முயல்கிறார்கள். நூறு பேர் மருந்தும் ஆலோசனையும் பெறுகிறார்கள். தனியாக முயல்பவர்களில் ஒரு வருடம் தாக்குப்பிடிப்பவர்கள் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர் என்பது பல ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்டது. நான்கு என்று கொண்டால் 36 பேர். உதவி பெற்றவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர் வென்றால் 15 பேர். ஆக, மொத்தம் விட்டவர்கள் 51. அதில் 36 பேர், அதாவது பத்துக்கு ஏழு பேர், தனியாக விட்டவர்கள். கட்டுரையாளர் இந்தப் பத்துக்கு ஏழைத்தான் கொடியாகப் பிடிக்கிறார். தனியாக முயன்று தோற்ற 864 பேர் அவர் கண்ணில் படவில்லை. பட்டிருந்தால், உதவியோடு போனவனுக்கு வாய்ப்பு மூன்று மடங்குக்கும் மேல் என்பது அதே கணக்கில் தெரிந்திருக்கும். வென்றவர்களை மட்டும் எண்ணிக்கொண்டு, தோற்றவர்களைக் கோழைகள் என்று ஒதுக்குவது ஆய்வு அல்ல.

இனி மனம் என்று அவர் எதைச் சொல்கிறார் என்று பார்ப்போம். ஓர் இழுப்பில் உள்ளே போகும் நிக்கோட்டின் பத்து இருபது வினாடிகளில் மூளையைத் தொடுகிறது. ஊசியில் ஏற்றினாலும் இதைவிட வேகமாகப் போகாது. மூளையில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளுக்காக இருக்கும் ஏற்பிகளில் அது போய் உட்கார, டோபமைன் சுரக்கிறது. நாள்தோறும் இது நடந்தால் மூளை அந்த ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்கிறது. ஆனால் இரத்தத்தில் நிக்கோட்டினில் பாதி ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் கழிந்துவிடும். அப்புறம் அந்த ஏற்பிகளெல்லாம் காலியாக நின்று கேட்கின்றன. காலையில் கண் விழித்ததும் பல் விளக்கும் முன்பே ஒருவன் பெட்டிக்கடைக்கு நடப்பது இதனால்தான். இரவு முழுக்க அவன் உடல் நிக்கோட்டின் இல்லாமல் கிடந்திருக்கிறது.

நிறுத்திய சில மணி நேரத்தில் தொல்லை தொடங்கும். இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். எரிச்சல், பதற்றம், காரணமில்லாத சோகம், தூக்கமின்மை, அடங்காத பசி. கணக்குப் புத்தகத்தில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்தும் மண்டையில் ஏறாது. சிலருக்கு மலச்சிக்கல், வாய்ப்புண், வழக்கத்தைவிட அதிகமான இருமல். குழந்தை டம்ளரைக் கீழே போட்டதற்கு வீடு அதிரக் கத்துகிற மனிதன், அடுத்த நிமிடம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிற மனிதன், பாசமில்லாதவன் அல்ல. அவன் மூளை பழைய நிலைக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலான தொல்லைகள் இரண்டிலிருந்து நான்கு வாரங்களில் அடங்கும். கூடிய ஏற்பிகள் புகைக்காதவர் அளவுக்கு இறங்க ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். மூன்று நாள் பல்லைக் கடித்தால் போதும் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அதை நம்பி நான்காம் நாளும் தவிக்கிற ஒருவன், தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டித் திரும்பப் பற்ற வைப்பான். அந்தச் சிகரெட்டுக்கு நெருப்பு கொடுத்தது இந்த வரிதான்.

காபியைப் பற்றி அவருக்குத் தெரிந்திருந்தால் ஒரு வரி எழுதியிருக்கலாம். எத்தனையோ பேருக்கு உபகாரமாக இருந்திருக்கும். புகையிலுள்ள தார், கல்லீரலில் காஃபீனை உடைக்கும் நொதியைத் தூண்டிவிடுகிறது. அதனால் புகைப்பவர் உடலிலிருந்து காபியின் வீரியம் சீக்கிரம் கழியும். புகையை நிறுத்தியதும் அந்த நொதியின் வேகம் குறைகிறது. குடிப்பது அதே நான்கு டம்ளர்தான், ஆனால் இரத்தத்தில் காஃபீன் ஏறிக்கொண்டே போகும். படபடப்பும் கைநடுக்கமும் தூக்கம் வராமையும் சேர்ந்து வரும். மனிதன் இதை நிக்கோட்டின் ஏக்கம் என்று நினைத்துக்கொண்டு நொந்து போவான். காபியைப் பாதியாகக் குறைத்தாலே தவிப்பில் ஒரு பங்கு குறையும். மன உறுதி பற்றி எத்தனை பக்கம் எழுதினாலும் கல்லீரல் நொதி கேட்காது.

2007-ல் சயன்ஸ் இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, பக்கவாதம் போன்ற காரணங்களால் மூளையில் சேதமடைந்த புகைப்பவர்களைப் பார்த்தது. இன்சுலா என்ற பகுதி சேதமடைந்தவர்களில் பலர், தவிப்பும் மீண்டும் புகைக்கும் ஆசையும் இல்லாமல் சட்டென்று புகையை விட்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர், புகைக்க வேண்டும் என்ற உந்துதலையே தன் உடல் மறந்துவிட்டது என்ற பொருளில் சொன்னார். பக்கவாதம் வந்த அன்று அவர்களுக்குத் திடீரென்று வீரம் பிறந்துவிட்டதா? ஏக்கத்துக்கு மூளையில் இருப்பிடம் இருக்கிறது. கட்டுரையாளர் குணக்கேடு என்று திட்டுவது அந்த இருப்பிடத்தை.

அவருடைய வாதம் புதிதும் அல்ல. அமெரிக்காவில் ரோஸ் சிப்பொலோனே என்ற பெண் பதினாறு வயதில் புகைக்கத் தொடங்கினார். நுரையீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்த பிறகும் ஒளித்து ஒளித்துப் புகைத்தார். 1984-ல் இறந்தார். அவர் தொடுத்த வழக்கில் புகையிலை நிறுவனங்கள் சொன்னது இதையேதான்: அவராக விரும்பிப் புகைத்தார், விட நினைத்திருந்தால் விட்டிருக்கலாம். 1988-ல் நியூஜெர்சி நடுவர்கள் அவருடைய சாவுக்கு எண்பது விழுக்காடு பொறுப்பு அவருடையதே என்று சொன்னார்கள். அதே 1988-ல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் எவரெட் கூப் வெளியிட்ட அறிக்கை, நிக்கோட்டின் அடிமைத்தனம் இயங்கும் விதம் ஹெராயின், கொக்கெய்ன் அடிமைத்தனம் இயங்கும் விதத்தை ஒத்தது என்றது. ஆறு வருடம் கழித்து, 1994 ஏப்ரலில், ஏழு பெரிய புகையிலை நிறுவனங்களின் தலைவர்கள் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சத்தியப் பிரமாணம் எடுத்துக்கொண்டு, நிக்கோட்டின் அடிமைப்படுத்துவதில்லை என்றார்கள். 1963-லேயே அந்த நிறுவனங்களில் ஒன்றின் சட்ட ஆலோசகர், நாம் விற்பது நிக்கோட்டின் என்ற அடிமைப்படுத்தும் மருந்து என்று உள்குறிப்பு எழுதி வைத்திருந்தார். குற்றமெல்லாம் புகைப்பவனுடைய மனத்தில்தான் என்று நிறுவ அவர்கள் வழக்கறிஞர்களுக்குக் கோடிகோடியாகக் கொட்டினார்கள். நம் கட்டுரையாளர் அதே வேலையை இலவசமாகச் செய்து கொடுத்திருக்கிறார். மருந்துக் கம்பெனியின் லாபம் அவர் கண்ணை உறுத்துகிறது. சிகரெட் கம்பெனியின் லாபம் பற்றிக் கட்டுரை முழுவதிலும் ஒரு சொல் இல்லை.

ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை என்ற வாதத்துக்கு வருகிறேன். புகையிலையால் சாகிறவனைக் கொல்வது பெரும்பாலும் எரிதலில் பிறக்கும் தாரும் கார்பன் மோனாக்சைடும்; புகையில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் மட்டும் எழுபது இருக்கின்றன. நிக்கோட்டின் ஆளைக் கட்டிப் போடுகிறது, கொலையைப் புகை செய்கிறது. சூயிங்கத்திலிருந்து நிக்கோட்டின் வாயின் உட்தோல் வழியாக மெதுவாக ஏற அரை மணி நேரம் பிடிக்கும். தோலில் ஒட்டும் பட்டையிலிருந்து ஏற மணிக்கணக்காகும். அந்தப் பத்து வினாடிப் பாய்ச்சல் இல்லாததால்தான் இவற்றுக்கு அடிமையாகிறவர்கள் மிகக் குறைவு. ஏக்கத்தின் கூர்மை மழுங்குகிறது, ஏற்பிகள் குறைய அவகாசம் கிடைக்கிறது. 2018-ல் கோக்ரேன் அமைப்பு 133 ஆய்வுகளில் பங்கேற்ற அறுபத்து நாலாயிரத்துக்கும் அதிகமானோரின் முடிவுகளைத் தொகுத்தபோது, நிக்கோட்டின் மாற்று மருந்துகள் விடும் வாய்ப்பை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்குவது தெரிந்தது. வரெனிக்லின் மாத்திரை இரண்டு மடங்குக்கும் மேல் ஆக்குகிறது. உலக சுகாதார நிறுவனம் நிக்கோட்டின் மாற்று மருந்தை 2009-லும், வரெனிக்லினையும் புகையை விட உதவும் இன்னொரு மாத்திரையான பூப்ரோப்பியானையும் 2021-லும் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. இதையெல்லாம் வியாபாரம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டுப் போக அவருக்கு என்ன ஆதாரம் இருக்கிறது? ஒன்றையும் காட்டவில்லை.

சூயிங்கம் பலிக்கவில்லை என்று சொல்பவர்களை எனக்கும் தெரியும். என் அண்ணன் அப்படிச் சொன்னவர். மருந்துக் கடையில் அட்டையை நீட்டினார்கள், எப்படிப் பயன்படுத்துவது என்று யாரும் சொல்லவில்லை. அவர் டீயைக் குடித்தபடியே வேகவேகமாக மென்று எச்சிலை விழுங்கினார். விக்கலும் வயிற்றெரிச்சலும் வந்தன, ஏக்கம் அடங்கவில்லை, தூக்கிப் போட்டார். செய்ய வேண்டியது வேறு. மெல்ல நான்கைந்து முறை மெல்ல வேண்டும். நாக்கில் காரம் போல் சுரீரென்றதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கியதும் இன்னொரு இடத்தில். இப்படி அரை மணி நேரம். மெல்வதற்குக் கால் மணி முன்பிருந்தே டீ, காபி, சோடா கூடாது. வாயில் புளிப்பு ஏறினால் நிக்கோட்டின் உள்ளே போகாது. டீக்கடையும் சிகரெட்டும் ஒன்றாகவே பழகிய நம் ஊரில் இந்த ஒரு தகவலைச் சொல்லாமல் அட்டையை விற்பது பாதி மருந்தை விற்பது போல. எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட் தேவைப்படுகிறவருக்கு 2 மில்லிகிராம் போதாது, 4 மில்லிகிராம் வேண்டும்; அதற்கு மருத்துவர் சீட்டு வேண்டும். பிறகு ஒரு மருத்துவர் இதைப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். அண்ணன் இப்போது புகைப்பதில்லை. அவருக்கு வேண்டியிருந்தது கூடுதல் வீரமல்ல, பத்து நிமிட விளக்கம்.

பாசம் பற்றிய குற்றச்சாட்டுதான் அந்தக் கட்டுரையில் ஆகக் கொடியது. மகள் கல்யாணத்துக்குள் விட்டுவிட வேண்டும் என்று கோயிலில் சத்தியம் செய்து, கல்யாண மண்டபத்தின் பின்பக்கம் நின்று தம் அடித்துவிட்டு அழுகிற அப்பாக்கள் இந்த ஊரில் எத்தனை பேர்! அவர்களிடம் போய் உனக்குப் பாசமில்லை என்று சொன்னால் என்ன ஆகும்? விட மாட்டார்கள். மறைப்பார்கள். வாயில் ஏலக்காயைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழைவார்கள். நெஞ்சுவலியோடு மருத்துவரிடம் போனாலும் புகைப்பதில்லை என்பார்கள். தோற்றதைச் சொல்லக் கூசுகிறவன் அடுத்த முயற்சியைத் தள்ளிப் போடுவான். ஒரு முயற்சியில் விடுகிறவர்கள் சிலரே. நிலையாக விடுவதற்குள் முப்பது முயற்சிகூட ஆகலாம் என்று கனடாவில் 2016-ல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அப்படியானால் தோல்வி என்பது வழியில் வருகிற ஒன்று. அதை அவமானமாக்குகிறவர் வழியை அடைக்கிறார்.

தள்ளிப் போடுவதன் விலை என்ன என்பதும் தெரிந்ததுதான். 1951-ல் தொடங்கி ஐம்பது வருடம் பிரிட்டிஷ் மருத்துவர்களைப் பின்தொடர்ந்த ரிச்சர்ட் டால், ரிச்சர்ட் பீட்டோ குழுவின் ஆய்வு 2004-ல் சொன்ன கணக்கு: தொடர்ந்து புகைப்பவர் சராசரியாகப் பத்து வருட ஆயுளை இழக்கிறார். முப்பது வயதில் விட்டால் பத்தும் மிஞ்சும். நாற்பதில் ஒன்பது, ஐம்பதில் ஆறு, அறுபதில் மூன்று. நாற்பது வயதில் விட முயன்று, கோழை என்ற சொல் கேட்டுக் கூசி, ஐம்பதுக்குப் போய்விடுகிறவனிடமிருந்து மூன்று வருடம் பறிபோகிறது. அந்த மூன்று வருடம் என்றால் பேரன் பேத்தியைத் தூக்குகிற வருடங்கள்.

இத்தனை பக்கம் எழுத இடம் கிடைத்தவர், ஒவ்வொரு சிகரெட் பாக்கெட்டிலும் 2018 செப்டம்பர் முதல் அச்சாகி வரும் எண்ணை ஒரு வரியில் குறிப்பிட்டிருக்கலாம். 1800-11-2356. கட்டணம் இல்லை. பெங்களூரின் நிம்ஹான்ஸ் மையத்திலிருந்து தமிழிலும் பேசுகிறார்கள். முந்தைய முயற்சிகளில் எங்கே சறுக்கியது என்று கேட்கிறார்கள், விடும் தேதியைக் குறிக்க உதவுகிறார்கள், பிறகு அவர்களே திரும்ப அழைத்து எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரிக்கிறார்கள். சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்திலும் புகையிலையை விட உதவும் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு, இதோடு நான் எதற்கும் லாயக்கில்லை என்று ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்தவர் யாராவது இருந்தால், கையிலிருக்கும் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். எண் அதில்தான் இருக்கிறது. கூப்பிடும்போது, எத்தனை முறை தோற்றீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவர்களுக்கு அது தேவைப்படும்.