மின்னேற்றும் நிலையமும் பங்காளி உரிமையும்

தண்ணீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் காட்டிய நெறி. அபூதாவூது, இப்னு மாஜா ஆகிய நபிமொழித் தொகுப்புகளில் இது இடம்பெற்றுள்ளது. (பங்காளி என்றதும் வரப்புச் சண்டையே நம்மூரில் நினைவுக்கு வரும் என்பது வேறு செய்தி.) நெடுஞ்சாலை உணவகங்களின் முற்றத்தில் மின்சாரக் கார்களுக்கென எழுந்துள்ள மின்னேற்றும் நிலையங்களைக் காணுந்தோறும் அந்நெறியே நம் நெஞ்சில் எழுகின்றது.

நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் 25 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் வேண்டுமென நடுவண் அரசின் 2018-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் உரைத்தது. ஆயினும், ஒன்றிரண்டு பொறிகளே உள்ள நிலையங்கள் பல. பெட்ரோல் நிரப்ப ஐந்து நிமிடம் போதும். மின்கலத்துக்கோ விரைவுப் பொறியிலும் முக்கால் மணி, ஒரு மணி ஆகின்றது. எனவே இங்கு ஒருவர் எடுத்துக்கொள்ளும் நேரம் பின்னால் நிற்பவருடைய நேரமே.

மின்கலத்தின் இயல்பை அறிந்தோர் இதனை எளிதில் உணர்வர். ஏறத்தாழ 80 விழுக்காடு வரை மின்சாரம் விரைந்து ஏறும். அதன்பின், மின்கலம் கெடாதிருக்கும் பொருட்டு மின்னோட்டம் படிப்படியாகக் குறைக்கப்படும். முதல் 80 விழுக்காட்டிற்கு ஆன நேரம் எஞ்சிய 20-க்கும் ஆவதுண்டு. அவ்வளவு நேரத்தில், வற்றிய மின்கலத்துடன் காத்திருப்பவர் தம் ஊர் சேரும் அளவு பெற்றிருப்பார். ஆதலின், பிறர் காத்திருக்கையில் 80-இல் விலகுவதே முறை என்போம். அடுத்த நிலையம் எட்டாத் தொலைவிலிருப்பின் முழுதும் ஏற்றிக்கொள்ளலாம். அதனைக் காத்திருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நன்று.

"காசு கொடுத்துத்தானே நிற்கின்றோம்?" என்பாருளர். காசு மின்சாரத்துக்கு, இடத்துக்கன்று. உளூச் செய்து முடித்தவர் ஹவுளின் கரையிலேயே அமர்ந்து கதை பேசினால் ஜமாஅத்தார் பொறுப்பரோ? ஏற்றி முடித்த பின்னும் காரை நகர்த்தாதோர் மீது டெஸ்லா நிறுவனம் 2016-இலேயே கட்டணம் விதிக்கத் தொடங்கியது. நாகரிகம் தவறியவிடத்துத் தண்டம் நுழைகின்றது! நிழல் இருக்கின்றதென்று பெட்ரோல் காரை அங்கு நிறுத்திச் செல்வோரைப் பற்றி என் சொல்ல?

உரியவர் இல்லாதபோது அவர் காரின் இணைப்பைப் பிடுங்குதலும் தகாது. பூட்டிக்கொள்ளும் இணைப்பை வலிந்து இழுத்தால் பொறி பழுதாகும். பிறகு எவருக்கும் பயனில்லை. உணவருந்தச் செல்பவர் கண்ணாடியருகே தம் தொலைபேசி எண்ணை எழுதி வைத்துச் சென்றால் இவ்வழக்கே எழாது. நோயாளியை ஏற்றி வந்தவருக்கு வரிசை பாராது வழிவிடல் வேண்டும்.

நிலையங்களின் பலகைகளில் பெரும்பாலும் கட்டணமும் செயலியின் பெயருமே, அதுவும் ஆங்கிலத்தில், காணப்படுகின்றன. காத்திருப்போர் உளராயின் 80-இல் விலகுக என்று தமிழில் ஒருவரி எழுதி வைக்க உரிமையாளர்கள் முன்வருவார்களாக.