காலி கட்டத்தில் கவிழ்ந்த கூகுள் கிளவுட்: ட்ரை-கேட்ச் எதற்கு?

2025 ஜூன் 12 இரவு ஸ்பாட்டிஃபை, டிஸ்கார்டு எல்லாம் ஒரே நேரத்தில் மக்கர் செய்தன. கூகுள் கிளவுடின் விதிப் பட்டியலில் சில கட்டங்கள் காலியாக இருந்தன. அவற்றைப் படிக்கப்போன மென்பொருள் அப்படியே கிராஷ் ஆனது. பிழையைக் கையாளும் ஏற்பாடு அங்கே இல்லை என்று கூகுளே ஒப்புக்கொண்டது.

ஜாவாவில் இப்படிக் காலியில் கைவைத்தால் வருவது 'நல் பாயின்டர் எக்ஸப்ஷன்'. சிக்கல் வரக்கூடிய வரிகளை ட்ரைக்குள் எழுத வேண்டும். பிழை வந்ததும் மிச்ச வரிகளை விட்டுவிட்டு, பொருந்தும் கேட்ச்சுக்குத் தாவும். மாற்று வேலையைச் செய்துவிட்டு நிரல் தொடரும். எங்குமே கேட்ச் இல்லாவிட்டால்தான் அந்த த்ரெட் சாகும்.

இதைவிட மோசம், கேட்ச்சை எழுதிவிட்டு உள்ளே ஒன்றுமே எழுதாமல் விடுவது. டெட்லைன் அவசரத்தில் பலரும் செய்வதுதான். பணம் கழிந்தபின் வரும் பிழை அதில் விழுந்தால், வாடிக்கையாளருக்கு ரசீதும் வராது, லாகில் தடயமும் இருக்காது.