மரத்துப்போகும் விரல்கள்: அமைச்சருக்கு ஒரு மடல்

மாண்புமிகு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

திருப்பூர்ப் பகுதியில் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்கிறேன். பனியன் கம்பெனிகளில் தைப்பவர்களும் பிசிறு வெட்டுபவர்களும் என்னிடம் வந்து முதலில் சொல்வது இதைத்தான்: "ராத்திரியில கை மரத்துப்போயி தூக்கமே வர்றதில்லைங்க." எழுந்து உதறினால் கொஞ்சம் தணியும், மறுபடி வரும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி வரை மரக்கும். சுண்டுவிரலுக்கு ஒன்றும் ஆகாது. மணிக்கட்டின் குறுகிய பாதையில் ஒன்பது தசைநாண்களோடு சேர்ந்து போகும் மீடியன் நரம்பு நசுங்குவதால் வரும் கார்ப்பல் டனல் நோய் இது. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். தைராய்டு குறைவோ சர்க்கரையோ இருந்தால் வாய்ப்பு இன்னும் கூடும்.

இவர்களில் பலர் நரம்புத் தளர்ச்சி என்று சத்து ஊசியும், கழுத்தெலும்புத் தேய்மானம் என்று கழுத்துப் பட்டையும் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஆபரேஷன் வேண்டுமா, பிசியோதெரபியே போதுமா என்ற கேள்விக்கு அவர்களுக்கு யாரும் உட்கார்ந்து பதில் சொல்லியிருப்பதில்லை.

ஸ்பெயினில் 120 பெண்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2015இல் வெளியானது. ஒரு பாதிப் பேருக்கு அறுவை. மறுபாதிப் பேருக்குக் கையால் செய்யும் பிசியோதெரபி, மூன்றே அமர்வுகள். முதல் மூன்று மாதங்களில் பிசியோதெரபி பெற்றவர்களுக்கு வலி அதிகம் குறைந்தது. ஓராண்டு முடிவில் இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தார்கள். என் தொழிலுக்குச் சாதகமான முடிவு என்பதால் இதோடு நிறுத்திக்கொள்வது நியாயமாகாது. நெதர்லாந்தில் 176 பேரிடம் அறுவையையும் இரவில் அணியும் மணிக்கட்டுப் பட்டையையும் ஒப்பிட்ட ஆய்வு 2002இல் வந்தது. பதினெட்டு மாதங்களில் அறுவைக் குழுவில் 90 விழுக்காட்டினரும் பட்டைக் குழுவில் 75 விழுக்காட்டினரும் தேறியிருந்தார்கள். அதற்குள் பட்டைக் குழுவிலேயே 41 விழுக்காட்டினர் அறுவை செய்துகொண்டிருந்தார்கள்.

ஆகவே நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை வைத்தே சிகிச்சையை முடிவு செய்ய வேண்டும். இரவில் மட்டும் மரத்துப்போகிறவர்களுக்கு, தூக்கத்தில் மணிக்கட்டு மடங்காமல் காக்கும் பட்டையும் சில வாரப் பிசியோதெரபியும் முதலில் கிடைக்க வேண்டும். பகலெல்லாம் மரத்து, ஊசி நழுவி, பட்டன் போட முடியாமல், கட்டைவிரலின் அடிச்சதை வற்றத் தொடங்கியவரைப் பிசியோதெரபி அறையில் உட்கார வைப்பது தவறு. நரம்பு நெடுநாள் நசுங்கிக் கிடந்தால் பிறகு அறுவை செய்தாலும் முழு உணர்வு திரும்பாமல் போகலாம்.

அந்த அறுவை சிறியதுதான். கையை மட்டும் மரக்கவைத்து, நரம்பை அழுத்தும் தசைநாரை வெட்டிவிடுவார்கள். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். ஆனாலும் பெண்கள் மறுக்கிறார்கள். கத்திக்குப் பயந்து மறுப்பவர்கள் குறைவு. மறுபடி மிஷினில் உட்காரச் சில வாரங்களாவது ஆகுமே, பீஸ் ரேட்டில் வேலை செய்பவருக்கு அந்த வாரங்களில் சம்பளம் ஏது? இ.எஸ்.ஐ.யில் இருப்பவருக்கு நோய்க்கால உதவியாக, ஆண்டுக்கு 91 நாள் வரை, கூலியில் 70 விழுக்காடு கிடைக்கும். பதிவேட்டில் பெயரே இல்லாதவருக்கு அதுவும் கிடையாது. பிசியோதெரபிக்கு வருவதும் அவர்களுக்குச் செலவுதான். ஒவ்வொரு முறையும் அரை ஷிப்ட் போகிறது. வலி கொஞ்சம் குறைந்ததும் நின்றுவிடுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

வீட்டுக்கே வரும் பிசியோதெரபி 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலேயே இருக்கிறது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வரும் தன்னார்வலர்கள், "ராத்திரியில விரல் மரக்குதாம்மா?" என்று ஒரு கேள்வியும் சேர்த்துக் கேட்கட்டும். ஆம் என்பவருக்கு மணிக்கட்டுப் பட்டை இலவசமாகக் கிடைக்கட்டும். மாவட்ட அரசு மருத்துவமனையில் வாரம் ஒரு நாளை, நரம்பின் நிலையைக் காட்டும் நரம்புக் கடத்தல் சோதனைக்கென ஒதுக்குங்கள். சதை வற்றியவருக்கு அன்றே அறுவைக்குத் தேதி கொடுக்கச் சொல்லுங்கள். தொழிலாளர் நலத்துறை அமைச்சரோடு பேசி, பதிவேட்டில் பெயரில்லாமல் பீஸ் ரேட்டில் வேலை செய்பவர்களையும் இ.எஸ்.ஐ.க்குள் கொண்டுவர வழி செய்யுங்கள்.

திருப்பூரில் இதைத் தொடங்கி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பிசியோதெரபிஸ்ட்