ஐந்து விழுக்காடும் அயலவர் உரிமையும்

பாராளுமன்றப் பிரதிநிதி ஒருவரின் பெருமையை, அவர் எத்தனை ஆண்டுகள் ஆசனத்தில் அமர்ந்திருந்தார் என்பதைக் கொண்டு அளத்தல் எம்மிடையே வழக்கமாயுள்ளது. மட்டக்களப்புத் தொகுதியின் பிரதிநிதியாகத் திரு. செ. இராசதுரை அவர்கள் 1956 முதல் 1989 வரை முப்பத்து மூன்று ஆண்டுகள் வீற்றிருந்தார். அஃது அரியதொரு சாதனையே. ஆயினும், அவர் விலகிய அதே 1989-ஆம் ஆண்டில் பாராளுமன்றம் புகுந்து, பதினோராண்டுகளே பணியாற்றி மறைந்த மற்றொருவரை இம்மலரில் நினைவுகூர விரும்புகின்றோம். அவர் கல்முனை தந்த ஜனாப் எம். எச். எம். அஷ்ரப் அவர்கள்.

1948-ஆம் ஆண்டு ஒக்டோபர் 23-ஆம் நாள் சம்மாந்துறையிற் பிறந்து, கல்முனையில் வளர்ந்து, சட்டத்தரணியாகிய அவர், 1977-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணியின் மேடைகளில் முழங்கியவர். பின்னர், தம் சமூகத்திற்குத் தனிக்குரல் வேண்டுமெனத் தெளிந்து, 1981-இல் காத்தான்குடியிற் பிறந்த ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார். 1988-இல் நடைபெற்ற வடகிழக்கு மாகாண சபைத் தேர்தலில் அக்கட்சி 17 ஆசனங்களைப் பெற்றது. 1994-இல் அவர் கப்பற்றுறை, துறைமுகங்கள், புனர்வாழ்வு அமைச்சரானார். 2000-ஆம் ஆண்டு செப்டெம்பர் 16-ஆம் நாள் அரநாயக்க மலைப்பகுதியில் நிகழ்ந்த ஹெலிகொப்டர் விபத்தில் உயிர்நீத்தபோது அவருக்கு வயது ஐம்பத்தொன்றே.

இவ்வரலாற்றை ஊரார் அறிவர். அவர் செய்தவற்றுள் யாது நிலைபெற்றது என்பதே எம் வினா.

அவர் கனவு கண்ட ஒலுவில் துறைமுகம், அவர் மறைந்து பல்லாண்டு கழிந்து 2013-இல் திறக்கப்பட்டது. ஆனால் அதன் வாயிலை மணல் மூடிற்று. அயற் கரையைக் கடல் அரித்தது. அதே ஒலுவிலில் 1995-இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996-இல் முழுமை பெற்ற தென்கிழக்குப் பல்கலைக்கழகமோ தழைத்து நிற்கின்றது. இவ்விரண்டினும் உறுதியாய் நிற்பது, பலர் கண்ணிற்படாத ஒரு சிறு திருத்தமாகும்.

1978-ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி, ஒரு தேர்தல் மாவட்டத்தில் அளிக்கப்பட்ட வாக்குகளில் எட்டில் ஒரு பங்கு, அதாவது நூற்றுக்கு 12.5, பெறாத கட்சிக்கு அங்கே ஆசனம் கிடையாது. ஓரிலட்சம் வாக்குகள் விழுந்தால், 12,000 பெற்றவனும் வெறுங்கையனே. சிதறி வாழும் சிறு சமூகங்களின் வாயை அடைத்தற்கு வேறு பூட்டு வேண்டுமோ? 1988-ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தல் நெருங்கிய வேளையில், அப்போது பிரதம மந்திரியாகவும் வேட்பாளராகவும் விளங்கிய திரு. ஆர். பிரேமதாச அவர்களிடம் அஷ்ரப் அவர்கள் இவ்வெல்லையைக் குறைக்குமாறு வற்புறுத்தினார். வாக்களிப்புக்கு இரு நாட்களுக்கு முன், டிசெம்பர் 17-ஆம் நாள், பதினைந்தாம் திருத்தம் சட்டமாயிற்று. 12.5 என்பது 5 ஆயிற்று.

அடுத்த ஆண்டுத் தேர்தலில் முஸ்லிம் காங்கிரஸ் நான்கு ஆசனங்களைப் பெற்றது. ஆயினும் அத்திருத்தத்தின் பயன் முஸ்லிம்களோடு நின்றுவிடவில்லை. தமிழருக்கும், மலையக மக்களுக்கும், தென்னிலங்கையின் சிறிய சிங்களக் கட்சிகளுக்கும் அவ்வாயிலே திறந்தது. தம்மவருக்காகக் கேட்டதை எல்லார்க்கும் ஆகும்படி கேட்டமையாற்றான் அது நிலைத்தது என்பது எம் துணிபு.

சிறு கட்சிகள் பெருகின், அவை அமைச்சுப் பதவிக்கு விலைபேசும். ஆட்சி தளரும் என்பர் சிலர். 2019-ஆம் ஆண்டின் இறுதியில், எல்லையை மீண்டும் 12.5 ஆக உயர்த்தும் மசோதா ஒன்றும் முன்வைக்கப்பட்டது. விலைபேசுவோர் உளர் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயின் அது பேரம்பேசுவோனின் குற்றமேயன்றி, வாக்களித்தவனின் குற்றமன்று. ஜெர்மனி தேசத்திலும் எல்லை ஐந்து விழுக்காடே. ஆங்கு ஆட்சி தளர்ந்துவிடவில்லை. நெடுங்காலம் பத்து விழுக்காடு விதித்திருந்த துருக்கியும் 2022-இல் அதனை ஏழாகக் குறைத்தது.

இனி, எம் மனத்தை உறுத்தும் ஒன்றைக் கூறுகின்றோம். இக்கரையோரத்தில் தமிழூரும் முஸ்லிம் ஊரும் வேலிக்கு வேலி அடுத்துள்ளன. பாண்டிருப்பைக் கடந்தால் கல்முனை. அப்பால் கல்முனைக்குடி, சாய்ந்தமருது. அதனை அடுத்துக் காரைதீவு. நாடளவிற் சிறுபான்மையாய் இருப்போர், ஒரு நகரளவிற் பெரும்பான்மையாய் இருத்தல் கூடும். கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்துக்கு முழு அதிகாரம் வேண்டுமெனத் தமிழர் 2019 ஜூனில் உண்ணாவிரதம் இருந்தனர். சாய்ந்தமருது மக்கள் தமக்குத் தனி நகரசபை கேட்டனர். முன்னையது இனத்துக்கும் இனத்துக்கும் இடைப்பட்டது. பின்னையது ஓரினத்துள்ளேயே எழுந்தது. இரண்டுக்கும் எதிர்ப்பு எழுந்தது. எல்லைகளை எங்ஙனம் வகுப்பது என்பதை அதற்குரியோர் ஆராய்ந்து முடிவு செய்க. ஆனால், "சிறியோனுக்கு ஏன் தனிக்குரல்?" என்ற வினாவை மட்டும் இக்கரையில் எவரும் எழுப்புதல் தகாது. அவ்வினாவுக்கு 1988-இலேயே இம்மண்ணின் மைந்தர் ஒருவர் விடையளித்துவிட்டார்.

இது தமிழராகிய நமக்கும் பொருந்தும். கொழும்பிடம் நாம் கேட்கும் நீதியை, நம் ஊர்களிற் சிறுதொகையாய் வாழும் முஸ்லிம் குடும்பத்துக்கும் சிங்களக் குடும்பத்துக்கும் வழங்குகின்றோமா? பெரியோனிடம் கேட்பதைச் சிறியோனுக்குக் கொடாதவன் கேட்பது நீதியன்று, பங்கு.

அஷ்ரப் அவர்கள் கவிஞருமாவார். 1999-இல் வெளிவந்த அவரது கவிதைத் தொகுதியின் பெயர் 'நான் எனும் நீ'. தமிழ் கற்பிக்கும் நாம், அம்மூன்று சொற்களையே ஒரு பாடமாகக் கொள்கின்றோம். எம் கல்லூரியின் இளைய மாணாக்கர் நாளை வாக்குச்சீட்டைக் கையிலெடுக்கும்போது, அதனை ஒருமுறை நினைப்பாராக. பிரதிநிதி ஒருவர் எத்தனை ஆண்டுகள் இருந்தார் என்பதை விட்டு, எவர்க்கெல்லாம் வாயில் திறந்தார் என்று வினவக் கற்பாராக.