பூவோடு சேர்ந்த நார்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பர் நம் முன்னோர். அமெரிக்க அரசியலில் இதையே வேறு விதமாகச் சொல்வார்கள். செல்வாக்கு மிக்க ஜனாதிபதி வேட்பாளரின் கோட்டு வாலைப் பிடித்துக்கொண்டு அவருடைய கட்சிக்காரர்கள் சபையேறுகிறார்கள் என்பது அவர்கள் வழக்கு. ஆபிரகாம் லிங்கன் 1848-ஆம் ஆண்டிலேயே பிரதிநிதிகள் சபையில் இந்தக் கோட்டு வாலைச் சொல்லி எதிர்க்கட்சியினரை எள்ளி நகையாடியிருக்கிறார்.

அந்நாட்டில் ஜனாதிபதித் தேர்தல் நடக்கும் அதே நாளில் பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களுக்கும், செனட் சபையின் மூன்றில் ஒரு பங்கு இடங்களுக்கும் தேர்தல் நடக்கிறது. வாக்குகள் தனித்தனி, ஆயினும் தலைவரின் அலை மற்ற வாக்குகளையும் இழுத்துச் செல்கிறது.

1964-இல் லிண்டன் ஜான்சன் பெருவெற்றி பெற்றார். அவருடைய ஜனநாயகக் கட்சி பிரதிநிதிகள் சபையில் 37 இடங்களைக் கூடுதலாகப் பெற்றது. 1966-இல் நடந்த இடைக்காலத் தேர்தலில் ஜான்சன் வேட்பாளர் அல்லர். அவர் கட்சி 47 இடங்களை இழந்தது. வியட்நாம் போர் முதலிய காரணங்களும் அதற்கு உண்டு. ஆனாலும் எனக்கு எங்கள் ஆய்வுக்கூடத்துத் தேனிரும்புதான் நினைவுக்கு வருகிறது. காந்தம் அருகில் இருக்கும்வரை அதுவும் காந்தம். காந்தத்தை அகற்றினால் வெறும் இரும்பு!

அப்படியானால் அலை தீயதா? இல்லை. பல்லாண்டுகள் முடங்கிக் கிடந்த முதியோர் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் 1965-இல் நிறைவேறியது அந்தப் பெரும்பான்மையால்தான். அலையில் வந்தவர்களில் பலர் போய்விட்டனர். சட்டம் இன்றும் இருக்கிறது.

அலைக்கு அணை போடவும் அம்மக்கள் அறிவார்கள். 1972-இல் நிக்ஸன் 50 மாநிலங்களில் 49-ஐ வென்றார். ஆனால் இரு சபைகளும் எதிர்க்கட்சியிடமே இருந்தன. 2016-இல் நிலைமை நேர்மாறானது. செனட் தேர்தல் நடந்த 34 மாநிலங்களிலும், ஜனாதிபதி வாக்கில் வென்ற கட்சியே செனட் இடத்தையும் வென்றது. 2024-இல் அரிசோனா, மிச்சிகன், நெவாடா, விஸ்கான்சின் ஆகிய நான்கு மாநிலங்களில் டிரம்ப் வென்றார். அங்கெல்லாம் செனட் இடங்களை ஜனநாயகக் கட்சியினர் பெற்றனர்.

இரண்டு வாக்கையும் ஒரே கட்சிக்கு அளிப்பது தவறு என்று நான் கூறவில்லை. எடைபோட்டுப் பார்த்து அளித்தால் அது தீர்ப்பு. பாராமல் அளித்தால் அது வெறும் வால்பிடிப்பு. வால்பிடித்து வந்தவர் தலைவருக்கு அஞ்சுவாரே தவிர, தொகுதிக்கு அஞ்சமாட்டார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். தேர்தல் வந்தால் எங்கள் வீட்டில் "தலைவர் யார்?" என்றுதான் பேச்சு, "நம் தொகுதியில் நிற்பவர் யார்?" என்று யாரும் கேட்டதில்லை. முதல்வரை நேரடியாகத் தேர்ந்தெடுக்க நமக்குத் தனி வாக்கு கிடையாது. ஒரே வாக்கில் இருவரையும் எடைபோட வேண்டிய நமக்கு அந்த இரண்டாவது கேள்வி இன்னும் அவசியமல்லவா? படித்த நாம் அதை நம் வீடுகளில் கேட்கத் தொடங்குவோம். பூவின் மணத்தில் மயங்கலாம், நண்பர்களே. ஆனால் மாலையைத் தாங்குவது நார். அதையும் ஒருமுறை இழுத்துப் பார்ப்போம்!