பட்டமும் தொப்பியும்

பட்டம் என்ற சொல்லுக்குத் தமிழிலே பொருள்கள் பல. கல்லூரியில் பெறுவது ஒன்று. காற்றில் விடுவது ஒன்று. வகுப்பில் தோழியர் நமக்குச் சூட்டுவது மற்றொன்று! முதற் பட்டம் பெறும் நாளில் மற்ற இரண்டின் குதூகலமும் சிறிது கலந்தால் குற்றமா?

குற்றமே என்பர் பெரியோர் சிலர். வேந்தரும் துணைவேந்தரும் வீற்றிருக்கும் அவையில் விளையாட்டு எதற்கு என்பது அவர்கள் வாதம். நியாயந்தான். அவையில் வேண்டாம். ஆனால் அவை கலைந்த பின்?

நம் கொடைக்கானல் மலையில், அட்டுவம்பட்டியில், 1984-ஆம் ஆண்டு தோன்றிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக் கழகம் இருக்கிறது. நம்முள் சிலர் நாளை அங்கேயே பட்டம் பெறக் கூடும். சமவெளியில் வியர்க்க வைக்கும் நீண்ட அங்கி, இங்கே குளிருக்கு இதமாக இருக்கும். குளிர் மிகுந்த ஐரோப்பாவில், இடைக்காலத்தில் குருமாரும் மாணவரும் அணிந்த உடைதானே அது!

தொப்பியை வானில் எறியும் வழக்கமும் கடல் கடந்து வந்ததே. 1912-இல் அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியில் தேறியோர் அன்றே அதிகாரிகளாயினர். மாணவத் தொப்பி இனி எதற்கு என்று அதை வீசி எறிந்தனர். நம்மவர் அணிவதோ பெரும்பாலும் வாடகைத் தொப்பி! அதன் கூர்முனை தோழியின் கண்ணைப் பதம் பார்க்கவும் கூடும். ஆகவே, எறிவோர் சற்று விலகி நின்று எறிக.

நம் நெஞ்சைத் தொடும் வழக்கம் வேறொன்று. விழா முடிந்ததும் மகள் தன் அங்கியைக் கழற்றித் தாய்க்கு அணிவிக்கிறாள். தொப்பியைத் தாயின் தலையில் வைக்கிறாள். மல்லிகைச் சரத்தின் மேல் அது நிற்பதில்லை, சரிகிறது. சுற்றி நிற்போர் சிரிக்கின்றனர். தாயும் சிரிக்கிறாள், கண்கள் மட்டும் கலங்குகின்றன.

பூம்பாறையில் பூண்டு நட்டும், தாண்டிக்குடியில் காப்பிப் பழம் பறித்தும், பள்ளிப் படியேறாமலே மகளைப் படிக்க வைக்கும் தாய்மார் நம் மலையில் உண்டு. பட்டச் சான்றிதழில் மகளின் பெயர்தான் இருக்கும். அதில் தாய்க்கும் பங்குண்டு என்பதை மேடையில் எவரும் அறிவிப்பதில்லை. வெளிமுற்றத்துச் சிரிப்புத்தான் அதைச் சொல்கிறது.

தோழியரே, மேடையில் அடக்கமாக நடப்போம். இறங்கியதும் அம்மாவைத் தேடி ஓடுவோம். அந்த ஓட்டத்தைப் பெரியோரும் மன்னிப்பார்கள் என்றே நம்புகிறோம்.